வண்டி வரியில் தெருவுக்கு ஒரு பங்கு

புதிதாக ஸ்கூட்டர் வாங்கப் போகிறவருக்கு ஷோரூமில் ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டுவார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஆயுள் வரி எல்லாவற்றையும் கூட்டிக் கடைசி வரியில் ஆன்ரோடு விலை இருக்கும். 2023 நவம்பரில் தமிழக அரசு வரியை உயர்த்திய பிறகு, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. கார்களுக்கு 12 சதவீதத்தில் தொடங்கி, விலை 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 90 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு 9 ஆயிரம் ரூபாய் வரி. அந்த வண்டி வருடக்கணக்கில் ஓடப்போவது பெரும்பாலும் மாநகராட்சியோ நகராட்சியோ போட்ட தெருவில்தான். ஆனால் அந்த 9 ஆயிரத்தில் அந்தத் தெருவுக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவது ஒன்றுமில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-வது பதிவின் கீழ் வாகன வரி வருகிறது. தமிழ்நாட்டில் அதை வசூலிப்பது 1974-ம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டப்படி. பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குத் திரும்பி வருவது உண்மை. அது எல்லா வரிகளும் கலந்த மொத்தத் தொகையாக வருகிறது. சம்பளம், ஓய்வூதியம், குப்பை, தெருவிளக்கு என்று நகராட்சியின் அன்றாடத் தேவைகளே அதைக் கேட்டு வரிசையில் நிற்கும். நடைபாதை அந்த வரிசையில் கடைசி ஆள்.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. சென்னை மாநகராட்சிக்கான 1919-ம் ஆண்டுச் சட்டம், நகரில் ஓடும் வண்டிகள்மீதும் அவற்றை இழுக்கும் கால்நடைகள்மீதும் வரி போட மாநகராட்சிக்கே அதிகாரம் தந்தது. மாட்டு வண்டிக்கு உள்ளூரில் கணக்கு இருந்தது. அதைவிடப் பல மடங்கு தெருவைத் தேய்க்கிற, தெருவில் இடம் பிடிக்கிற மோட்டார் வண்டிக்கு அந்தக் கணக்கு இல்லை.

இதன் விளைவைப் பார்க்கச் சென்னையின் எந்த உள்தெருவுக்கும் போகலாம். நடைபாதை என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். நான்கு எட்டு வைத்தால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் குறுக்கே நிற்கும். அதைத் தாண்டினால் ஒரு வீட்டு கேட், காரை உள்ளே ஏற்றக் கட்டிய சரிவு, அதன் பக்கத்தில் நிறுத்திய மூன்று பைக்குகள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, சில தெருக்களில் சாலை ஏறி நடைபாதை பள்ளமாகிவிட்டது. இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறி தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. ஏறி இறங்கும் கல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அந்த அகலம் வேண்டும். அந்த அளவில் ஐம்பது மீட்டர் தொடர்ச்சியாகக் கிடைக்கும் உள்தெருக்கள் அரிது. மளிகைக் கடைக்குப் போகும் பாட்டியும் பள்ளி வேனைப் பிடிக்க ஓடும் பிள்ளையும் தார்ச்சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையற்ற நடைபாதையை அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமை உறுதியாகிவிட்டது. கல்லும் சிமென்டும் யார் பணத்தில் வாங்குவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதே கேள்வியோடு பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. அந்த நகரின் தெருக்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு நடைபாதையே கிடையாது. 1950-களில் நகரத்தோடு இணைக்கப்பட்ட, 85-வது தெருவுக்கு வடக்கே உள்ள பகுதிகளில் இது அதிகம். வீட்டு வாசலில் புல்லும் சரளைக் கல்லும், அதையடுத்து நேராகச் சாலை. வாஷிங்டன் மாநிலத்தில் வண்டிப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்ததும் நம்பர் பிளேட்டில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். அந்தக் கட்டணத்தோடு சேர்த்து உள்ளூருக்கும் ஒரு தொகை வாங்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. வாங்கித் தருவது மாநிலத்தின் துறை, பணம் போவது ஊருக்கு. சியாட்டில் 2010-ல் இதற்கென்று தனி அமைப்பை உருவாக்கி, 2011 முதல் ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 20 டாலர் வாங்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு நவம்பரிலேயே இன்னும் 60 டாலர் கேட்டு மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனார்கள். 10 ஆண்டுகளில் 20.4 கோடி டாலர் திரட்டும் திட்டம் அது; ஏறக்குறைய பாதி பொதுப் போக்குவரத்துக்கு, மீதி சாலைக்கும் நடப்போருக்கும் சைக்கிளுக்கும். மக்கள் முடியாது என்றார்கள். 2014-ல் அதே 60 டாலரோடு விற்பனை வரியில் 0.1 சதவீதமும் சேர்த்துக் கேட்டபோது 62 சதவீதம் பேர் சரி என்றார்கள். கேட்ட தொகை கூடியிருந்தும் ஏன் ஒப்புக்கொண்டார்கள்? இந்த முறை பணம் ஒரே ஒரு வேலைக்கு. பேருந்துச் சேவை குறைக்கப்படும் நிலையில் இருந்தது. இந்தப் பணம் வந்தால் அது ஓடும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் புரிந்தது. வருமானம் குறைந்த வண்டிக்காரர்களுக்கு 20 டாலர் திருப்பித் தரவும் வழி வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. 2019-ல் டிம் ஐமன் என்பவர் முன்னெடுத்த மாநில அளவிலான வாக்கெடுப்பு, வண்டிக் கட்டணத்தை 30 டாலருக்குள் அடக்கி, ஊர்கள் வாங்கும் கட்டணத்தையே ரத்து செய்ய முயன்றது. மாநிலம் முழுவதையும் சேர்த்து அது வென்றது. வாக்குச்சீட்டில் இருந்த விவரம் வாக்காளரைத் தவறாக வழிநடத்தியது என்று சொல்லி 2020 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 60 டாலர் கட்டணம் அந்த ஆண்டோடு முடிந்தது. 20 டாலரை நகர மன்றம் 40 ஆக உயர்த்தியது. பழைய காருக்கும் சொகுசு காருக்கும் ஒரே தொகை என்பது அந்த முறையின் பெரிய குறை. மக்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

தமிழ்நாட்டு வரி அந்த விஷயத்தில் மேலானது. விலை ஏற ஏற சதவீதமும் ஏறுகிறது. இல்லாதது உள்ளூருக்கான பங்கு மட்டுமே.

சான் பிரான்சிஸ்கோவின் ஏற்பாடு இன்னும் எளிமையானது. 2010 நவம்பரில் அந்நகர வாக்காளர்கள் வண்டிக்கு ஆண்டுக்கு 10 டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அதில் பாதி தெருப் பழுதுக்கு, கால் பங்கு நடப்போர் பாதுகாப்புக்கு, கால் பங்கு பேருந்து, டிராம் சேவையைச் சீராக்க. 30 ஆண்டுகளுக்கு இந்தப் பங்கீடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 50 லட்சம் டாலர் கிடைக்கும். அந்த அளவு நகரத்துக்கு அது பெரிய பணமே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரும் என்று பொறியாளருக்குத் தெரியும். அதே நாளில் பக்கத்தில் இருக்கும் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் இதே 10 டாலர் தோற்றுப்போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கேயும் இது தானாக நடந்துவிடவில்லை.

பணம் எவ்வளவு என்பதைவிட, தவறாமல் வருமா என்பதே தெருக்களைப் பொறுத்தவரை முக்கியம். சென்னை இதை அனுபவத்தில் கண்டிருக்கிறது. 2014-ல் இந்தியாவிலேயே முதல்முறையாக மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது இந்த மாநகராட்சி. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் தொடர்ச்சியான நடைபாதை என்பது இலக்கு. நல்ல இலக்கு, நேர்மையான இலக்கு. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, அகலமான நடைபாதை இருந்தால் மக்கள் எப்படி வந்து நடப்பார்கள் என்பதை நகரமே பார்த்தது. அது ஸ்மார்ட் சிட்டி பணம். அந்தத் திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. திட்டப் பணத்தில் ஒரு சாலை மின்னும். பக்கத்துத் தெருவில் பழைய பில்லர் பாக்ஸே நிற்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்தெருக்களைத் திட்டம் திட்டமாகச் சரிசெய்ய முடியாது.

வீட்டு வரியை இன்னும் ஏற்றலாமே என்று கேட்கலாம். 2022-லேயே ஏற்றினார்கள், சென்னையின் மையப் பகுதிகளில் சிறிய வீடுகளுக்கு 50 சதவீதம், பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. வண்டியே இல்லாத ஓய்வூதியரும் அதைக் கட்டுகிறார். 2008-ம் ஆண்டின் போக்குவரத்து ஆய்வில் சென்னைப் பயணங்களில் கால்வாசிக்கு மேல் நடந்தே சென்றவை என்று தெரிந்தது. நடக்கிறவர் தன் பங்கை வீட்டு வரியிலோ வாடகையிலோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வண்டிக்காரர்கள் தலையில் இன்னொரு சுமையா என்ற கேள்வி நியாயமானது. டெலிவரி வேலைக்குக் கடனில் பைக் வாங்கிய இளைஞரிடம் போய் நடைபாதைக்கு இன்னும் பணம் கொடு என்று கேட்கக் கூடாது. அவர் ஏற்கெனவே கட்டுகிற ஆயுள் வரியிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும். பங்கு பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஸ்கூட்டருக்கான 9 ஆயிரத்தில் 900 ரூபாய் அது பதிவான ஊருக்குப் போகும். அதற்கு மேலும் தேவைப்படும் மாநகராட்சிகள் விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் ஒரு கட்டணம் கேட்கலாம். ஆட்டோவையும் இருசக்கர வாகனத்தையும் விட்டுவிடலாம். இங்கே வண்டிப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கம் இல்லாததால், வசூலிக்கும் இடம் பதிவு நேரம்தான். டெல்லியில் புதிய வண்டியைப் பதியும்போதே போக்குவரத்துத் துறை ஒருமுறை பார்க்கிங் கட்டணத்தை வாங்கி மாநகராட்சிக்கு அனுப்புகிறது. எனவே வசூலிக்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியும் முகவரியே எந்த ஊருக்குப் பணம் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

கணக்குதான் இதில் உயிர்நாடி. தனிக் கணக்கு இல்லாவிட்டால் இந்தப் பணமும் மற்றதோடு கலந்து கரைந்துவிடும். சியாட்டிலில் 2011-ல் தோற்றதும் 2014-ல் வென்றதும் சொல்லும் செய்தி, எந்த வேலைக்கு என்று சொன்னால் மக்கள் கொடுப்பார்கள் என்பது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. எந்தத் தெருவில் எத்தனை மீட்டர், என்ன அகலம், பில்லர் பாக்ஸை எங்கே நகர்த்துவது, எப்போது முடியும் என்ற பட்டியல் அந்தச் சபைக்கு வர வேண்டும். வேலை முடிந்ததும் பில்லும் வர வேண்டும்.

ஆறாவது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. எந்த வரியில் எவ்வளவு உள்ளாட்சிக்கு என்று பரிந்துரைக்கும் அதிகாரம், அரசமைப்பின் 243ஒய் பிரிவின்படி மாநில நிதி ஆணையத்துக்கு இருக்கிறது. 2027 ஏப்ரலில் தொடங்கும் ஐந்தாண்டுகளுக்கான பரிந்துரையில், ஆயுள் வரியின் ஒரு நிலையான பங்கு வண்டி பதிவான ஊரின் தெருவுக்கும் நடைபாதைக்கும் தனிக் கணக்கில் போக வேண்டும் என்ற ஒரு பத்தியை எல்லாக் கட்சிகளின் மேயர்களும் கவுன்சிலர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.