எர்த் வயருக்கு 34,000 ரூபாயா?

பொட்டிப்புரம் என்று சொன்னாலே வெளியூர் நண்பர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். (மலையைக் குடைவார்களா மாட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பி.காம்.) எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம் வருவது எங்க மாமாவோட பிக்கப் வண்டியும் அதிலிருக்கிற டச் ஸ்கிரீனும்தான். ஒரு மாசம் எங்க வீட்டில் யாரையும் நிம்மதியாகத் தூங்கவிடவில்லை அது.

மாமா சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியா பூப்பாறை, மூணாறு பக்கம் போவார். வண்டியோடு கம்பெனியே மாட்டிக் கொடுத்த செட். பாட்டு, போன், பின்னாடி பார்க்கிற கேமரா எல்லாம் அதில்தான். திடீரென்று ஒருநாள் ராத்திரி ஸ்கிரீன் அணைந்து, கம்பெனி பேர் வந்து, மறுபடி அணைந்து... இப்படியே போயிருக்கிறது. காலையில் பார்த்தால் சமர்த்துப்பிள்ளை மாதிரி பாடுகிறது.

"பாட்டுதானே மாமா, விடுங்க" என்றேன். "பாட்டு கெடக்குது மாப்ள. கொண்டை ஊசில எதிர்ல பஸ்ஸு வந்தா நாந்தானே பின்னால எடுக்கணும்? கேமரா செத்துப்போச்சுன்னா கிளீனர் இல்லாம எப்படி எடுப்பேன்?" என்றார். மெட்டுப் பாதையில் 17 வளைவு. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புது கார்களுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம். அதாவது இந்த ஸ்கிரீன் இனிமேல் பொழுதுபோக்குச் சாமான் மட்டும் இல்லை.

முதலில் என் வைத்தியம். பென்டிரைவைப் பிடுங்கினேன். (இரண்டாயிரம் பாட்டு, பாதி ஃபைல் கெட்டுப்போனது. இதனாலேயே சில செட் திணறும்.) ரீசெட் பட்டனைக் குண்டூசியால் அமுக்கினேன். பியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பகலில் எல்லாம் சரி, ராத்திரி மறுபடி அதே கதை.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பேர் வேண்டாம். வாரண்டி முடிந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். "யூனிட் போயிருச்சு சார், முழுசா மாத்தணும், 34,000 ஆகும்." பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தவணை கட்டுகிற வண்டி அது. அத்தை காதிலிருந்ததைக் கழற்றுகிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

போடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் இருக்கிறார். அவர் செட்டைத் தொடவே இல்லை. "எப்பல்லாம் அணையுதுண்ணே?" என்று மாமாவிடம் கேட்டார். ராத்திரி. "ஹெட்லைட் போட்டாத்தானா?" மாமா யோசித்தார். ஆமாம்! அதோடு, லைட் மங்கலா எரியுதென்று போன மாசம்தான் பல்பு மாற்றியதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

மல்டிமீட்டரின் ஒரு முனை செட்டின் கறுப்பு வயரில், இன்னொன்று பேட்டரியின் மைனஸில். லைட் அணைந்திருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். போட்டதும் இரண்டரை வோல்ட்! அங்கே பாயிண்ட் ஒன்று, பாயிண்ட் டூவுக்கு மேல் காட்டவே கூடாதாம். விஷயம் இதுதான்: ஹெட்லைட், செட் இரண்டின் கரண்டும் பாடியில் ஒரே போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. தினம் தண்ணீர் அடித்துக் கழுவி அந்த போல்ட் துருவேறிவிட்டது. லைட் எரியாதபோது கரண்ட் கொஞ்சம், தப்பித்துவிடும். இரண்டு 55 வாட் பல்பும் எரிந்தால் ஒன்பது ஆம்பியர் சொச்சம் போகும். துரு தடுக்கிறது, அங்கேயே வோல்ட் தங்கிவிடுகிறது, செட்டுக்கு மிச்சம் ஒன்பதரை கிடைத்தால் பெரிசு. அது அணைந்து எழுந்து அணைந்து எழும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் மாட்டி முறுக்கினார். 200 ரூபாய்.

எனக்குக் கோபம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னதை அவர்கள் சொன்னார்கள். ஆனால் அண்ணன் அந்த போல்ட்டைக் கண்டுபிடிக்க டேஷ்போர்டைப் பிரித்து ஒன்றரை மணி நேரம் வயரைப் பின்தொடர்ந்தார். வயரிங் படம் ஒன்று கையில் இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் படம் கம்பெனியிடம் இருக்கிறது, அவருக்கு மட்டும் கிடைக்காது.

பிசினஸ் லாவில் நாம் படித்த போட்டிச் சட்டம் 2002 ஞாபகம் இருக்கிறதா கிளாஸ்மேட்ஸ்? அதன் கீழ் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸ், பழுது கண்டுபிடிக்கும் கருவி, தொழில்நுட்ப விவரம் எதையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். அப்பீல், கோர்ட் என்று அது இழுத்தது. அப்புறம் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு போட்டது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. ஒரு தளத்தில் விருப்பம் இருக்கிற கம்பெனி விவரம் போடுவது வேறு, போட்டே ஆக வேண்டும் என்பது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கம்பெனிகள் திருட்டுப் பயம், பாதுகாப்பு என்பார்கள். சாவி, இன்ஜின் லாக் சாஃப்ட்வேருக்கு அது சரி, ஒத்துக்கொள்கிறேன். எர்த் போல்ட் எங்கே இருக்கிறது என்பதில் என்ன ரகசியம்? வெளிக்கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை. பியூஸுக்குப் பதில் செப்புக்கம்பி சுற்றிக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் படம் இல்லாததால்தான் பாதிப்பேர் குத்துமதிப்பாக வயரை வெட்டுகிறார்கள்.

இது போடிக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டிலில் 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள் பலவற்றில் ரேடியோ ஒரே ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு, ஸ்கிரீன் விடாமல் ரீஸ்டார்ட் ஆனது. ஸ்டேஷன் அனுப்பிய படத்தின் ஃபைல் பேரில் கடைசி எழுத்துகள் இல்லை, அவ்வளவுதான்! அங்கேயும் முதலில் வந்த பதில் யூனிட்டை மாற்று, 1,500 டாலர்.

மாமாவின் ஒரு நாள் வாடகை, தவணை, 34,000 எல்லாவற்றையும் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டில் போட்டுப் பார்த்தேன். புது யூனிட் மாட்டியிருந்தாலும் அந்த போல்ட் அங்கேயேதான் இருந்திருக்கும், அன்று ராத்திரியே புதுசும் அணைந்திருக்கும். அப்போது என்ன சொல்லியிருப்பார்கள்?

அண்ணன் தான் கண்டுபிடித்த வயர் கலர்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதே மாடலில் இன்னொரு வண்டி வந்தால் உதவுமாம். நான் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், சும்மாவே தருகிறேன் :-)