இடம் பெயரும் அமானிதம்

கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, மக்கத்து மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். இடம் பெயர்வது அமானிதத்தை மறக்கக் காரணம் ஆகாது என்பதே இதிலுள்ள படிப்பினை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஓசூரில் ஒரு சிறு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிகளைக் கவனித்து வருகிறார். அங்கிருந்த சர்வரில் இயங்கிய விண்டோஸ் 2012 ஆர்2 பதிப்புக்கு 2023 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எனவே ஒரு ஞாயிறன்று கோப்புகளைப் புதிய சர்வருக்கு மாற்றினார். ஒரு கோப்பும் குறையவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் எவராலும் எதையும் திறக்க இயலவில்லை. மேலாளர் அவசரப்படுத்தவே, எல்லாக் கோப்புறைகளுக்கும் 'யாவருக்கும் முழு அனுமதி' கொடுத்துவிட்டார். நண்பகலுக்குள் சம்பளப் பட்டியலைப் பலர் படித்துவிட்டனர். மகள் திருமணத்துக்காக ஒரு சகோதரி வாங்கியிருந்த முன்பணம் ஊர்ப்பேச்சாயிற்று.

அன்று மஃரிபுக்குப் பின் வந்தவர், "ஹஜ்ரத், நான் எதையும் திருடவில்லையே" என்று கலங்கினார்.

நான் கலைப் பட்டதாரி. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சர்வருக்கு இரண்டு கதவுகள் உண்டு. பகிர்வு அனுமதி தெருக்கதவு. கோப்புறை அனுமதி உள்ளறைக் கதவு. வலைப்பின்னல் வழியே வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். சாதாரணமாக நகலெடுத்தால், கோப்பு புதிய இடத்தின் அனுமதியையே ஏற்கும். ரோபோகாப்பி கட்டளையைக் 'காப்பிஆல்' குறிப்புடன் இயக்கினால், உள்ளறை அனுமதியும் உரிமையாளர் விவரமும் உடன் வரும். தெருக்கதவின் அனுமதி ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால், அதைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் அவர் செய்திருந்தார். தவறியது வேறிடத்தில். அனுமதிப் பட்டியலில் பதிவாவது பெயரன்று, ஒவ்வொருவருக்கும் உரிய நீண்ட அடையாள எண். பழைய சர்வரிலேயே உருவாக்கிய கணக்கைப் புதியதில் அதே பெயரில் உருவாக்கினாலும் எண் வேறாகிவிடும், பணியாளர் அந்நியராகிவிடுவார். நிறுவனம் முழுமைக்கும் பொதுவான டொமைன் கணக்காயின், புதிய சர்வரும் அதே டொமைனில் சேர்ந்தால் இந்தச் சிக்கல் எழாது. இல்லையேல், ஐகாக்கிள்ஸ் கட்டளையால் அனுமதிகளை முன்னரே ஒரு கோப்பில் சேமித்து, பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண்ணை இட்டு மீட்க வழியுண்டு. பணி தொடங்குமுன் நிர்வாகி கணக்கை விட்டுச் சாதாரணத் தொழிலாளியின் கணக்கில் நுழைந்து, எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று சோதிப்பதும் அவசியம்.

பிறர் வீட்டினுள் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தரும் கட்டளை. 58ஆம் வசனமோ, வீட்டிலுள்ள பணியாளரும் சிறுவரும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்கே இந்தத் திரை உண்டெனில், ஒரே சர்வரில் பணிபுரிவோருக்கு இல்லாமற் போகுமா?

"திருடவில்லைதான். ஆனால் காவலுக்கு நின்றவர் அவசரத்தில் கதவைத் திறந்துவிட்டார். இது அடியார்களின் உரிமை சார்ந்தது; அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வதோடு, அந்தச் சகோதரியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றேன். மறுநாளே சென்று கேட்டார்.

2016 பதிப்புக்கும் 2027 ஜனவரி 12 வரைதான் தவணை. ஆகவே ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கணினிப் பணியிலுள்ள நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை வந்து சேரும். கோப்புகளை எண்ணுமுன் அவற்றுக்கு உரியவர்களை எண்ணுங்கள். அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.