பிள்ளைகள் ஆடும் பிரசங்கம்



பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் பீட்டர் புருகல் 1560-ஆம் ஆண்டில் தீட்டிய ‘சிறுவர் விளையாட்டுகள்’ வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. தெரு நிறைய இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் ஆடுகின்றனர். நம் ஐந்தாங்கல்லைப் போலவே சிற்றெலும்புகளை வீசி ஆடும் சிறுமியரும் அவர்களுள் உண்டு.

சமயப் பிளவு அந்நாட்டை உலுக்கிய காலம் அது. 1566-இல் ஆலயச் சுரூபங்களே உடைக்கப்பட்டன. ஆதலின், பெரியோரின் மதியீனத்தையே ஓவியர் பிள்ளைகள் வடிவில் காட்டினார் என்பர் சிலர். விளையாட்டின் இன்பத்தைப் போற்றினார் என்பர் வேறு சிலர்.

நம் கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. சிறுவர் சிலர் அதில் ஞானஸ்நானப் பவனி நடத்தி விளையாடுகின்றனர். குழந்தைக்கு ஞானஸ்நானம் தகுமா எனப் பெரியோர் உயிர் போகும்வரை வழக்கிட்ட நாள்களில், பிள்ளைகளுக்கு அது விளையாட்டாயிற்று!

அண்மையில் நம் பங்கில் மூன்று சிறுவர் பலகையொன்றைப் பீடமாக்கிப் பூசை விளையாடினர். அதட்ட வாயெடுத்தோம், நின்றுவிட்டோம். பிரசங்கம் செய்த சிறுவன் விரலை நீட்டி, முகம் சிவக்கச் சினந்துகொண்டிருந்தான். ஒருமுறையேனும் சிரித்தானில்லை. அவன் ஆடிக்காட்டியது நம்மையே அன்றோ?

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் அப்பா அம்மா விளையாட்டு ஆடும்போது, சற்று மறைந்து நின்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு நாம் புன்முறுவலுடன் பேச முயல்வோம்.