பூவிலேயே பார்க்கணும்

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சேன், புழு சாகலையே!" எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் இதைச் சொல்லாத உழவர் குறைவு. நானும் சொன்னவன்தான். இயற்கைக்கு மாறிய முதல் வருசம், ஒரு ஏக்கர் துவரையில் காயில் ஓட்டையைப் பார்த்த பிறகுதான் கொட்டையை ஊறவைத்தேன். புழு காய்க்குள் உட்கார்ந்து பருப்பைத் தின்றது; நான் வெளியே தோலை நனைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் காய் போச்சு.

கல்வராயன்மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் புலம்பினேன். "காயைப் பார்த்துட்டு ஓடியாந்தா என்னப்பா செய்யறது? பூவுலயே பார்க்கணும்" என்றார். அவர் காட்டில் சாமைக்கு நடுவே துவரை. கரிக்குருவி வந்து உட்கார அங்கங்கே குச்சி நட்டிருந்தார்.

கடை மருந்துக்குப் பழகின புத்தியோடு வேம்பைக் கையில் எடுத்ததுதான் என் தப்பு. வேம்பு அடித்ததும் புழு சுருண்டு விழாது. அந்துப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும். இளம்புழுவுக்குத் தீனி பிடிக்காது, தோலுரிக்க முடியாமல் போகும். முற்றிய புழுவிடம் அவ்வளவாக எடுபடாது. அதனால் பாதிச் செடி பூத்ததுமே முதல் தெளிப்பு, 10 நாள் கழித்து அடுத்தது.

5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்க. கொஞ்சம் காதிசோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்குங்க. ஏக்கருக்கு இதுபோல் இரண்டு மடங்கு. கரைசல் பால்போல வரணும். கொட்டை நிழலில் காய்ந்ததா, 3 மாதத்துக்குக் குறையாமலும் 8 மாதத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும். வெயில் பட்டால் வீரியம் போயிடும், சாயங்காலம் அடிங்க.

இன்னொன்றும் சொல்லணும். புகையிலைக் கரைசலையும் "இயற்கை"ன்னு சிலர் அடிக்கிறார்கள். நிக்கோட்டின் செடியிலிருந்து வந்தாலும் நஞ்சுதான். அடிப்பவர் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்லும். வீட்டு அடுப்பில் காய்ச்சியதால் பூச்சிக்கொல்லி பூச்சிவிரட்டி ஆகிடாது.

வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று, அந்நாட்டு வேளாண் துறையோடு சேர்ந்து காப்புரிமை வாங்கியது. எதிர்த்து வழக்காடி 2000-இல் ரத்தானது; மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. ஐரோப்பா வரை போய் மீட்ட வேம்பின் கொட்டை, ஆனி ஆடியில் நம்ம ரோட்டோரம் மிதிபட்டுக் கிடக்குது. நாம கடையில் போய் பாட்டில் வாங்குறோம்!

ஏக்கருக்கு இரண்டு தெளிப்புக்கு 20 கிலோ பருப்பு வேணும். இந்த ஆடிக்குள்ள கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. துவரை பூக்கும்போது கொட்டை தேடி அலையாதீங்க.