முற்றத்தில் நின்றவர்களுக்குப் பேர் இல்லையா?

'பழைய கண்டி' என்று தலைப்புப் போட்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் சுற்றுகிற காலம் இது. வாவி, தலதா மாளிகை, குயின்ஸ் ஹோட்டல், இப்போது புதுசாக நடுமுற்றங்கள். நாலு பக்கமும் ஓட்டுக் கூரை, நடுவில் வெளிச்சம், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே நூறு பேர் "அடடா, அந்தக் காலம்" என்று எழுதுகிறார்கள். கோப்பிக் கடைக்காரர்கள் பெரிசாக்கி சுவரில் மாட்டுகிறார்கள். தொட்டிப் பக்கத்தில் குனிந்து நிற்கிற அந்தப் பெண் யார் என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கிற ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

இந்த ரசனை மேல்தான் எங்களுக்குக் கோபம்.

கண்டியில் முற்றம் என்றால் உடனே வளவு வீடுகளின் 'மெத மிதுல'வைக் காட்டுவார்கள். அரண்மனையின் பல்லே வாஹல இன்றைக்கு தேசிய நூதனசாலை, டிக்கெட் எடுத்து அதன் முற்றத்தைப் பார்க்கலாம். ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிய முற்ற வீட்டைப் பிரித்து, லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டியே விட்டார்கள். நல்ல விசயம், குறை சொல்லவில்லை. ஆனால் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் கடைக்குப் பின்னால் இருந்த முற்றங்களை யார் பிரித்து எடுத்து வைத்தார்கள்? முன்னால் கடை, பின்னால் வீடு, இடையில் வானம் தெரிகிற ஒரு துண்டு. அரிசி மூட்டை அங்கேதான் இறங்கும். கடைப் பொடியன்கள் அங்கேதான் குளிப்பார்கள். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டால் அங்கேதான் படுப்பார். 1983 ஜூலையில் இந்த வீதிகளில் தமிழர் கடைகள் எரிந்தபோது கடையோடு சேர்ந்து அல்பமும் எரிந்தது. மிஞ்சியது எது? இந்தியாவுக்குப் போன உறவுக்கு அனுப்பிய பிரதிகள். பிஸ்கட் டின்னில் சுருண்டு கிடந்த நெகட்டிவ்கள்.

அந்த நெகட்டிவ்கள் ஏன் அவ்வளவு பெறுமதி என்று சொல்கிறோம். எங்கள் சனத்தின் பழைய படங்கள் இரண்டு வகையாகத்தான் ஆவணங்களில் இருக்கின்றன. ஒன்று வெள்ளைக்காரன் எடுத்தது. 1870களில் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த சார்ள்ஸ் ஸ்கோவன் போன்றவர்கள் எடுத்த படங்களில் நாங்கள் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி'. 1875 முதல் 1879 வரை இலங்கையில் இருந்த ஜூலியா மார்கரெட் கமரனும் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனுசர் ஒவ்வொருத்தருக்கும் பேர் உண்டு, இங்கே எடுத்தவர்களுக்கு இல்லை. மற்ற வகை, கடதாசியில் ஒட்டின முகங்கள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். விண்ணப்பம், பாஸ்போர்ட் என்று ஒட்டிய அந்தப் படங்களில் பேர் இருக்கிறது, சிரிப்பு இல்லை.

முற்றத்தில் எடுத்த படம் மூன்றாவது வகை. நாங்களே எங்களை எடுத்தது.

இதில் ஒரு தொழில் விசயமும் இருக்கு. அன்றைய சாதாரண பொக்ஸ் கெமராவுக்கு வெயில் வேணும். இருட்டுக் கடைக்குள் நின்று எடுத்தால் ஒன்றும் விழாது. நெருக்கமான நகர வீட்டில் உச்சி வெயில் விழுகிற ஒரே இடம் முற்றம். அதனால் அது வீட்டு ஸ்டூடியோ ஆகிவிட்டது. வீதியிலுள்ள ஸ்டூடியோவுக்குப் போக விடாத பொம்பிளைப் பிள்ளைகள் அங்கேதான் அம்மியோடும் கொடியில் காய்கிற துணியோடும் படத்துக்குள் வந்தார்கள். இதைப் பார்த்து 'அழகான ஒளி நிழல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது?

இப்ப இன்னொரு கூத்து, கலர் ஊத்துறது. போனில் ஒரு அப், ஒரு தட்டு, சேலை நீலமாகிவிடும். அந்தச் சேலை என்ன கலர் என்று சொல்லக்கூடிய அப்பாயி மஹய்யாவையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ இன்னும் உசிரோடு இருக்கலாம். அவரிடம் கேட்கத்தான் நேரமில்லை.

பிலிமும் காத்திருக்காது. கண்டி ஈரத்தில் ஜெலட்டின் மேல் பூஞ்சணம் ஏறும். அசிட்டேட் பிலிம் கெட்டுப்போனால் வினாகிரி மணம் வரும், பிறகு சுருங்கி நெளிந்துவிடும். லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களே அழிக்கப்பட்டன. அவருக்கே அந்த நிலை என்றால் எங்கள் பிஸ்கட் டின்களின் கதியை யோசியுங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுங்கள், கடதாசி உறையில் போடுங்கள், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரங்களை வெட்டாதீர்கள். கதவுக்குப் பின்னால் பாதி முகம் காட்டுகிற ஆள் எப்பவும் ஓரத்தில்தான் நிற்பார். பிரதியின் பின்பக்கம் பென்சிலால் பேர், வீதி, வருசம். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இந்தத் தீவின் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. அங்கே கொடுக்கலாம். கோப்பிக் கடைக்குக் கொடுக்க முதல் ஆவது.

பேர் கேட்கிறதும் லேசான வேலை இல்லை. ஒரு வீட்டில் அம்மாயி ஒருவர் படங்களைத் தந்துவிட்டு, "பேர மட்டும் போடாதீங்க தம்பி, யார் கண்ணில படுமோ" என்றார். நாற்பது வருசம் கழித்தும் அந்தப் பயம் இருக்கிறது. 2018இல் திகனயில் முஸ்லிம் கடைகள் எரிந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எங்களால் முடியாது. அவருடைய பேரை எழுதி மூடிய உறையில் அந்தக் குடும்பத்திடமே கொடுத்தோம். பேர் தெரியாமல் போவதும், தெரிந்தே மறைத்து வைப்பதும் ஒன்றல்ல. மறைப்பதா இல்லையா என்று அவர் முடிவெடுக்கட்டும், சுவரில் மாட்டுகிறவர் அல்ல.

அதே டின்னில் இன்னொரு படம். முற்றத்தில் ஆறு பேர், ஐந்து பேருக்குப் பேர் கிடைத்துவிட்டது. வாளியோடு நிற்கிற ஆறாவது ஆளை ஒருத்தர் கடையில் வேலை செய்தவர் என்கிறார், ஒருத்தர் தோட்டத்திலிருந்து வந்த மச்சான் என்கிறார், ஒருத்தர் பக்கத்து வீட்டு முஸ்லிம் பொடியன் என்கிறார். மூன்றையும் பின்னால் எழுதி வைத்திருக்கிறோம்.