நீரின் மேல் விழும் பழி

சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோயம்புத்தூர் ஜில்லாவில் பிறந்தவர் எவரும் பெருமிதத்தோடு சொல்லுவர்; ஆனால் முதலாவது எது, சுவைத்துப் பார்த்து வரிசை வகுத்த நடுவர் யார், எந்த ஆண்டில் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது என்று கேட்டால், சூலூரிலிருந்து பேரூர் வரையில் பதில் சொல்லத்தக்கவர் ஒருவரைக் காண்பது அரிது. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊர்ப் பெருமைக்கு அத்தாட்சி கேட்பது மரியாதையும் அன்று. ஆயினும், பெருமை தரும் செய்தியை ஆதாரம் கேளாமல் ஏற்றுக்கொண்டு பழகிய மனம், பீதி தரும் செய்தியையும் அவ்வாறே ஏற்றுக்கொள்கிறது என்பதும், முன்னதால் விளையாத தீங்கு பின்னதால் விளைகிறது என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க விஷயங்கள்.

குழாய் நீரில் ஜனத்தொகையைக் குறைப்பதற்கென்று ரகசியமாக மருந்து கலக்கிறார்கள் என்றும், காருக்குள் வெயிலில் காய்ந்த பாட்டில் நீரில் டயாக்சின் என்னும் நஞ்சு ஊறிப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றும், உலகெங்கும் உலவும் கதைகள் தமிழ் வேஷம் பூண்டு நம் கைப்பேசிக்கு வந்து சேருகின்றன. பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கில் டயாக்சின் இல்லை என்பதும், அது உண்டாக வேண்டுமானால் குளோரினும் நெருப்பின் உஷ்ணமும் வேண்டும் என்பதும் அச்செய்தியோடு சேர்ந்து வருவதில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது குழாய் நீரின் மேலும் சந்தேகம் விழுந்தது. குடிநீரில் அக்கிருமி உயிரோடு தங்குவதற்குச் சான்றில்லை என்றும், குளோரினுக்கு அது எளிதில் அழியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதத்திலேயே தெரிவித்தது. ஆனால் அச்சம் சென்ற வேகத்தில் அறிவிப்பு செல்லவில்லை.

தண்ணீரில் சதியைத் தேடும் சுபாவம் புதிதன்று. 1348-இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் ஊர் ஊராக மனிதர்களை வாரிக்கொண்டு போனபோது, யூதர்கள் கிணறுகளில் விஷமிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பி, 1349 பிப்ரவரியில் ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். இந்நோயில் யூதர்களும் மடிகிறார்களே, யூதர்களே வாழாத தேசங்களிலும் இது பரவுகிறதே, அப்படியிருக்க அவர்கள் எப்படிக் காரணமாவார்கள் என்று ஆறாம் கிளெமென்ட் என்னும் போப்பாண்டவர் அப்போதே கேட்டார். கிருமி என்றொன்று உண்டென்பதை எவரும் அறியாத அக்காலத்திலும், வதந்தியின் பொய்மையைக் காண்பதற்குச் சாமானிய யுக்தி ஒன்றே போதுமானதாயிருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் அக்கேள்வி கூட்டத்தின் செவியில் ஏறவில்லை.

ஏன் ஏறுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. துன்பத்துக்குப் பின்னால் ஒரு துஷ்டனை நிறுத்திவிட்டால் மனம் ஆறுதல் அடைகிறது. துஷ்டனே இல்லாத துன்பமோ நம்மைத் திகைக்க வைக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரில் மஞ்சள் காமாலை பரவி, ஏறத்தாழ 29,000 பேரைப் படுக்கையில் வீழ்த்தியது. விசாரித்தபோது வெளிப்பட்ட காரணம், யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டதால், நஜஃப்கர் சாக்கடையின் கழிவுநீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயை எட்டிவிட்டது என்பதுதான். அங்கே விஷமிட்ட கை எதுவும் இல்லை. ஆற்றைக் கவனியாதிருந்த கண்களே இருந்தன.

நம் பக்கத்திலேயே இன்னும் நீண்டகாலத் துன்பம் ஒன்றிருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து கசிந்த ஃபுளோரைடு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கலந்து, குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவித்து, முதியோரின் எலும்புகளை இறுகச் செய்து, தலைமுறைகளை வாட்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்து காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் வரையில் அவர்களுக்கு வேறு கதியில்லை. அமெரிக்க தேசத்திலோ, 1945-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் பற்களின் நலத்துக்காகச் சிறிதளவு ஃபுளோரைடைக் குழாய் நீரில் கலக்கத் தொடங்கியதும், இது கம்யூனிஸ்டுகள் செய்யும் சதியென்று சில ஆண்டுகளுக்குள் பெரிய கூக்குரல் எழுந்தது. சர்க்கார் அளந்து கலந்தபோது சதியென்று ஆர்ப்பரித்தார்கள். பாறை அளவின்றிக் கலந்தபோது இங்கே ஆர்ப்பரிப்பார் இல்லை. பாறைக்கு முகமில்லை அல்லவா?

இவ்வளவும் சொல்லுவதால், தண்ணீரைப் பற்றிய சந்தேகமெல்லாம் மூடத்தனம் என்று நான் சாதிப்பதாகக் கொள்ளலாகாது. நமது மேற்கு எல்லைக்கு அப்பால், பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடை கிராமத்தில், 2000-இல் கோக்க கோலா ஆலை தொடங்கியபின் கிணற்று நீர் கெட்டுப்போய்விட்டது என்று ஆதிவாசிப் பெண்கள் சொன்னபோது, அதைச் செவிமடுப்பார் அதிகமில்லை. அப்பெண்களுள் மயிலம்மா முதலியோர் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் அமர்ந்தார்கள். உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக்கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பி.பி.சி. வானொலி செய்வித்த பரிசோதனை காட்டிற்று. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. விளைந்த நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதென்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் மதிப்பிட்டது. அதே 2003-இல், தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பெயர்பெற்ற பாட்டில் குடிநீர்களிலேயே பூச்சிக்கொல்லியின் எச்சங்களைக் கண்டறிந்து வெளியிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் நீர் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு நாட்டையே தலைகுனியச் செய்தது. ஆகவே நீரில் கேடு கலப்பதும் உண்டு, அதை மறைக்க முனைவோரும் உண்டு.

அப்படியானால் பிளாச்சிமடைப் பெண்களின் சந்தேகத்துக்கும், கைப்பேசியில் சுற்றும் வதந்திக்கும் பேதம் என்ன? அவர்கள் இன்ன கிணறு, இன்ன ஆலை, இன்ன காலம் முதல் என்று குறிப்பிட்டுச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சோதித்து அறியத்தக்கதாயிருந்தது. வதந்தியை நம்புகிறவரோ ஊரும் நாளும் சொல்லுவதில்லை. சோதனையில் நஞ்சு காணப்பட்டால் தாம் சொன்னது மெய்ப்பட்டது என்பார், காணப்படாவிட்டால் சோதித்தவரும் சதியில் சேர்ந்தவர் என்பார். எந்த முடிவு வந்தாலும் அசையாத அபிப்பிராயம், உண்மையைத் தேடப் புறப்பட்டதே அன்று.

இதனால் விளையும் விபரீதத்தை நம் வீதிகளிலேயே காணலாம். குழாயில் குளோரின் வாடை வந்தால், "தண்ணியில மருந்து வாசம் அடிக்குதுங்க" என்று முகம் சுளித்துக் கீழே கொட்டுகிறோம். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி; அந்த வாடைதான், வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தாலும் ஓரளவு காக்கும் காவலன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அடையாளம். அதைத் துறந்து நாம் நாடுவது இருபது லிட்டர் கேன். முறையாக உரிமம் பெற்று, ஐ.எஸ். 14543 தரத்துக்கேற்பச் செய்கிறவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் உப்புத் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு, கழுவியும் கழுவாமலும் கேனில் நிரப்பிக் கொடுப்போரும் உண்டு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024-இல் பாட்டில் குடிநீரை அபாயம் மிகுந்த உணவு வகைகளில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

டெங்குக் காலத்தில் அபேட் மருந்து ஊற்ற வரும் கொசு ஒழிப்புப் பணியாளரை, "குடிக்கிற தண்ணியில என்னத்தையோ ஊத்தறாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வீடுகளும் உண்டு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அம்மருந்து குடிநீரில் இருக்கலாமென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார் இல்லை. நல்ல தண்ணீர் பல நாளைக்கொருமுறை வருவதால் நாம் நிரப்பிவைக்கும் டிரம்மே ஏடிஸ் கொசுவுக்குப் பிறந்த வீடாகிறது. தண்ணீரால் வரும் நோயைப் பற்றி இரவு பகலாகக் கவலைப்படுகிறவர், மூடாத டிரம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்நிலைக்கு ஜனங்களை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அத்தேதிக்குக் கீழே அம்மாதத்து நீர்ப் பரிசோதனையின் முடிவையும், வீதிக் கடைசிக் குழாயில் காணப்பட்ட குளோரின் அளவையும் எழுதுவதற்கு ஒரு கைப்பிடிச் சாயத்துக்கு மேல் செலவாகாது. தண்ணீர் விடுகிறவரின் கையில் குளோரோஸ்கோப் இருக்கிறது. சோதனைக் குழாயில் சேர்த்த மருந்து எவ்வளவு மஞ்சளாகிறதோ அவ்வளவு குளோரின் உண்டென்று அது காட்டும். அதை வாரம் ஒருமுறை வீதியிலேயே நின்று மக்கள் முன்னிலையில் செய்து காட்டலாம். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கப் பயிற்சி தரவேண்டுமென்று விதியிருக்கிறது; சூலூர் ஒன்றியத்தின் கிராம சபைகளில் அப்பெண்கள் எழுந்து தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். கேடு கண்டால் அதையும் ஒளிக்காமல் சொல்லட்டும். குறையை ஒப்புக்கொண்ட அதிகாரியின் வார்த்தைதான், குறையில்லை என்று அவர் பிறகு சொல்லும்போது நம்பப்படும்.

குடிமக்களுக்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் எவரும் கட்டணம் செலுத்தி, தம் வீட்டு நீரைச் சோதித்துக்கொள்ளலாம். தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்று இனி ஒருவர் செய்தி அனுப்பினால், அதை மற்றொருவருக்கு அனுப்புமுன், அந்நீரில் ஒரு பாட்டில் கொண்டு போய்ச் சோதித்து வரும்படி மரியாதையோடு அவரையே கேட்போம். நூறு வீடுகளைப் பீதியில் ஆழ்த்தத் துணிந்தவர் அந்தச் சிறு சிரமத்தையும் ஏற்க இசையாவிட்டால், தாம் பரப்பும் செய்தியை அவரே முழுதும் நம்பவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.