ஜனாதிபதியின் செல்வாக்கு ஏறுவது ஏன்? இறங்குவது ஏன்?

அமெரிக்காவில் ஒரு வீடு. மாலை நேரம். டெலிபோன் மணி அடிக்கிறது. வீட்டுக்காரர் எடுக்கிறார்.

"ஜனாதிபதி தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா?" என்று ஒரு குரல் கேட்கிறது.

அவர் பதில் சொல்கிறார். குரல் நன்றி கூறிவிட்டு, அடுத்த வீட்டுக்கு டெலிபோன் செய்கிறது.

இப்படிச் சுமார் 1,000 பேரிடம் கேட்பார்கள். பிறகு கணக்குப் போடுவார்கள். "ஜனாதிபதிக்கு 100-க்கு இத்தனை பேர் ஆதரவு" என்று மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வரும். அந்த எண் ஏறினால் ஜனாதிபதி மாளிகையில் சிரிப்பு. இறங்கினால் கலக்கம்.

ஒரு சோறு பதம்

சுமார் 34 கோடி மக்கள் வாழும் நாடு அமெரிக்கா. அங்கே 1,000 பேரைக் கேட்டால் போதுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். அதுபோல, பணக்காரர், ஏழை, நகரவாசி, கிராமவாசி, வெள்ளையர், கறுப்பர் எல்லோரும் வரும்படி, குலுக்கல் போட்டதுபோல் ஆள் பொறுக்குகிறார்கள். அப்படியும் 100-க்கு 3 அல்லது 4 கூடலாம், குறையலாம்.

ஜார்ஜ் கேலப் என்பவர் 1935-ல் இதற்காகவே ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். ஜனாதிபதி ட்ரூமன் 1945-ல் பதவி ஏற்றபோது, 100-க்கு 87 பேர் அவரை ஆதரித்தார்கள். 1952-ல் அது 22 ஆகக் குறைந்தது. மனிதர் அதே மனிதர்தான். மக்களின் மனம் மாறிவிட்டது.

எதனால் மாறுகிறது? போர், ஊழல், வெள்ளம், புயல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் சில ஆண்டுகளாக இரண்டு விஷயங்களே முன்னே நிற்கின்றன. ஒன்று, வீட்டுச் செலவு. மற்றொன்று, நாட்டுக்குள் வந்து குடியேறும் வெளிநாட்டார்.

போரில் ஜெயித்தார், தேர்தலில் தோற்றார்

முதலில் வீட்டுச் செலவைப் பார்ப்போம்.

1991-ல் ஜனாதிபதியாக இருந்தவர் ஜார்ஜ் புஷ். பின்னாளில் அவருடைய மகனும் ஜனாதிபதி ஆனார். குவைத் நாட்டை ஈராக் பிடித்துக்கொண்டபோது, புஷ் படை அனுப்பினார். 1991 பிப்ரவரியில் குவைத் மீட்கப்பட்டது. உடனே எடுத்த கணிப்பில் 100-க்கு 89 பேர் அவரைப் பாராட்டினார்கள். இனி அவரை யாரும் அசைக்க முடியாது என்று பலர் நினைத்தார்கள்.

ஆனால் நாட்டில் வியாபாரம் படுத்திருந்தது. 1992 ஜூன் மாதம், வேலை தேடுவோரும் செய்வோருமாக உள்ளவர்களில் 100-க்கு சுமார் 8 பேருக்கு வேலை இல்லை. அடுத்த சில வாரங்களில் புஷ்ஷின் ஆதரவு 29-க்கு வந்தது.

எதிர்த்து நின்றவர் கிளிண்டன். அவருடைய தேர்தல் காரியாலயச் சுவரில் ஒரு வாசகம் மாட்டியிருந்தார்கள். பொருளாதாரத்தை மறக்காதே என்பது அதன் கருத்து. அதையே ஊர் ஊராகப் பேசினார். 1992 நவம்பரில் ஜெயித்தார்.

கார்ட்டர் மீது விழுந்த இரட்டை இடி

புஷ் தோற்றதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1980-ல், விலைவாசியும் குடியேற்றமும் ஒரே சமயத்தில் ஒரு ஜனாதிபதியைத் தாக்கின. அவர் கார்ட்டர்.

அந்த ஆண்டு 100 டாலர் சாமான் சுமார் 113 டாலர் ஆயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில், கியூபா நாட்டின் தலைவர் காஸ்ட்ரோ மாரியல் என்ற துறைமுகத்தைத் திறந்துவிட்டார். போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார். சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கக் கரைக்கு வந்தார்கள்.

முதலில் அனுதாபம் இருந்தது. பிறகு எரிச்சல் வளர்ந்தது. அகதிகளில் ஒரு பகுதியினரை அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு ராணுவ முகாமில் வைத்தார்கள். அங்கே கலகம் நடந்தது. அப்போது அந்த மாநிலத்தின் கவர்னர் யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான அதே கிளிண்டன்! அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கவர்னர் பதவியை இழந்தார். அகதிகள் விவகாரம் அதற்கு ஒரு காரணம்.

கார்ட்டருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் பிணையாகப் பிடிபட்டிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து அவரைச் சாய்த்தன. 50 மாநிலங்களில் 44-ல் ரீகன் ஜெயித்தார்.

குழந்தைகளின் அழுகை

இதிலிருந்து ஒரு பாடம் படித்தவர்கள் உண்டு. "எல்லையில் கடுமையாக இருந்தால் மக்கள் ஆதரிப்பார்கள்" என்பதுதான் அந்தப் பாடம். அது பாதிதான் உண்மை. 2018-ல் மறு பாதி தெரிந்தது.

அப்போது டிரம்ப் முதல் தடவை ஜனாதிபதி. மெக்சிகோ எல்லையை அனுமதி இல்லாமல் கடக்கும் எல்லோர் மீதும் வழக்குப் போட உத்தரவாயிற்று. தாய் தந்தையர் சிறைக்குப் போனார்கள். குழந்தைகளைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். சில வாரங்களில் 2,000-க்கும் அதிகமான குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள். முகாமில் குழந்தைகள் அழும் குரல் ஒலிப்பதிவாக வெளிவந்தது. நாடே கேட்டது.

3-ல் 2 பங்கு மக்கள் இதை எதிர்ப்பதாகக் கணிப்புகள் காட்டின. டிரம்ப்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ்கூட, பத்திரிகையில் கண்டித்து எழுதினார். ஜூன் 20-ந் தேதி டிரம்ப் பணிந்தார். குடும்பங்களைப் பிரிக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போது நாட்டில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் அவருடைய 4 ஆண்டுப் பதவிக் காலத்தில், கேலப் கணிப்பில் ஆதரவு ஒரு தடவைகூட 50-ஐத் தொடவில்லை. ஜனாதிபதி பதவிக் காலத்தின் நடுவில் காங்கிரஸ் என்னும் அமெரிக்கப் பார்லிமெண்டுக்குத் தேர்தல் வரும். 2018 நவம்பரில் நடந்த அந்தத் தேர்தலில், கீழ்ச் சபையில் அவருடைய கட்சி சுமார் 40 இடங்களை இழந்தது. வயிறு நிறைந்திருந்தாலும் மனச்சாட்சி பேசும் என்பதற்கு இது சாட்சி.

பைடனின் கஷ்டம்

அடுத்து வந்தவர் பைடன். 2022 ஜூன் மாதம் விலைவாசி, முந்திய ஆண்டைவிட 100-க்கு 9 வீதம் ஏறியிருந்தது. 40 ஆண்டுகளில் அப்படி ஏறியது இல்லை.

பிறகு ஏற்றத்தின் வேகம் தணிந்தது. 2024 நடுவில் 3 வீதம் அளவுக்கு வந்தது. "விலைவாசி அடங்கிவிட்டது" என்று சர்க்கார் சொன்னது. ஆனால் இல்லத்தரசிகள் ஒப்புக்கொள்ளவில்லை. விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. சர்க்கார் பார்த்தது வேகத்தை. குடும்பம் பார்த்தது கடைச் சீட்டை.

எல்லையிலும் கூட்டம் பெருகியது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில், மெக்சிகோ எல்லையில் பிடிபட்டவர்கள் சுமார் 2,50,000 பேர். "நாட்டின் பெரிய பிரச்சினை எது?" என்று 2024 பிப்ரவரியில் கேட்டபோது, 100-க்கு 28 பேர் குடியேற்றம் என்றார்கள். 2024 ஜூனில் பைடன் எல்லையை இறுக்கினார். கூட்டம் குறைந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. வயதும் அவருக்கு எதிராக நின்றது. ஜூலையில் போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் டிரம்ப் மீண்டும் ஜெயித்தார்.

கதவு வேறு, பக்கத்து வீடு வேறு

2025 ஜனவரியில் டிரம்ப் பதவி ஏற்றபோது, 100-க்கு 47 பேர் ஆதரவு. எல்லையை மூடுவேன் என்றார், மூடினார். மாதம் 2,50,000 பேர் பிடிபட்ட எல்லையில், மார்ச் மாதம் 10,000-க்கும் குறைவானவர்களே பிடிபட்டார்கள்.

அப்படியானால் செல்வாக்கு ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. ஏன்?

எல்லையோடு வேட்டை நிற்கவில்லை. நாட்டின் உள்ளே பல ஆண்டுகளாகக் குடியிருந்து வேலை செய்தவர்களையும் அதிகாரிகள் தேடிப் போனார்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கட்டட சாமான் கடை வாசலில் கூலி வேலைக்காகக் காத்து நின்றவர்களைப் பிடித்தார்கள். மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மாநில கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும், டிரம்ப் சுமார் 4,000 காவல் படையினரையும் 700 மரைன் படை வீரர்களையும் அனுப்பினார்.

அந்த மாதம் கேலப் எடுத்த கணிப்பு எல்லோரையும் திகைக்க வைத்தது. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று 2024-ல் சொன்னவர்கள் 100-க்கு 55 பேர். 2025-ல் அப்படிச் சொன்னவர்கள் 30 பேர்தான். குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்று 79 பேர் சொன்னார்கள். குடியேற்ற விஷயத்தில் டிரம்ப் செய்வதை 35 பேர் ஆதரித்தார்கள். 62 பேர் எதிர்த்தார்கள்.

இதில் முரண்பாடு இல்லை. எல்லையில் கூட்டம் பெருகும்போது, "கதவைப் பூட்டு" என்கிறார்கள். கதவு பூட்டியானதும் பயம் தணிகிறது. பிறகு பிடிபடுகிறவர் யார் என்று பார்க்கிறார்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓட்டலில் சமைப்பவர். குழந்தையின் பள்ளித் தோழனுடைய தகப்பனார். "இவரை ஏன் பிடிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

எல்லோருமே மனம் மாறினார்கள் என்று நினைக்கக் கூடாது. டிரம்ப்பின் கட்சிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் முன்பும் எதிர்த்தார்கள், பின்பும் எதிர்த்தார்கள். எந்தக் கட்சியையும் சேராத நடுநிலையாளர்களே தராசின் முள். 2025 ஜூலையில் அவர்களில் 100-க்கு 29 பேர்தான் டிரம்ப்பை ஆதரித்தார்கள். மொத்த ஆதரவு 37 ஆயிற்று.

வயலில் ஆள் இல்லை, கடையில் விலை

குடியேற்றமும் வீட்டுச் செலவும் தனித் தனி விஷயங்கள் போலத் தோன்றும். உண்மையில் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள்.

அமெரிக்காவில் பயிர் வேலை செய்யும் கூலிகளில் 100-க்கு சுமார் 40 பேருக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. பழம் பறிப்பவர், காய் அறுப்பவர் பலரும் அவர்களே. 2025 ஜூனில் கலிபோர்னியா வயல்களில் அதிகாரிகள் நுழைந்தார்கள். ஆட்கள் பயந்து வேலைக்கு வரவில்லை. நிலச் சொந்தக்காரர்கள் கூக்குரல் இட்டார்கள். நல்ல, பழகிய வேலையாட்கள் போய்விடுகிறார்கள் என்று டிரம்ப்பே ஒப்புக்கொண்டார். வயல்களிலும் ஓட்டல்களிலும் வேட்டையை நிறுத்தும்படி உத்தரவு போயிற்று. சில நாட்களில் அந்த உத்தரவும் மாறியது!

இதற்கிடையே வெளிநாட்டுச் சரக்குகளுக்கு டிரம்ப் அதிக வரி போட்டிருந்தார். 2025 நவம்பர் 4-ந் தேதி, நியூஜெர்சி, வர்ஜீனியா மாநிலங்களில் கவர்னர் தேர்தல் நடந்தது. வீட்டுச் செலவைப் பற்றிப் பேசிய எதிர்க்கட்சி இரண்டிலும் ஜெயித்தது. 10 நாளில், காபி, வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலியவற்றின் வரியை டிரம்ப் குறைத்தார். அந்த மாதக் கணிப்பில் அவருக்கு ஆதரவு 36.

தமிழ்நாட்டுக்கு என்ன?

அமெரிக்க வீட்டுக்காரரின் அபிப்பிராயம் தமிழ்நாட்டுக் குடும்பங்களையும் தொடுகிறது. பிள்ளை அங்கே என்ஜினீயராக இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். படித்தவர்களை வேலைக்கு அழைக்கும் எச்-1பி விசாவுக்கு, புதிதாக மனுப் போடும் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் உத்தரவிட்டார். அந்த விசா பெறுவோரில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

அதே ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸ் வந்து இறங்கியது. கையிலும் காலிலும் விலங்கு போட்டு அழைத்து வந்ததாக அவர்கள் சொன்னார்கள். டில்லிப் பார்லிமெண்டில் அமளி நடந்தது.

ஓட்டு இல்லாதவர்

டெலிபோன் மணி மீண்டும் அடிக்கும். அதே கேள்வியைக் கேட்பார்கள். பதில் சொல்லும் குடிமகனுக்கு ஓட்டு உண்டு. அவர் நினைத்தால் ஜனாதிபதியின் கட்சியைத் தேர்தலில் தோற்கடிக்கலாம்.

வயலில் பழம் பறிப்பவருக்கு ஓட்டு இல்லை. அவருடைய மனைவிக்கும் பெரும்பாலும் இல்லை. இரவில் கதவு தட்டப்படுமா, மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று அவர்கள் விழித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் ஒன்றாக இருப்பதும் பிரிவதும், பக்கத்து வீட்டுக்காரர் டெலிபோனில் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

2018 ஜூனில் ஜனாதிபதியின் உத்தரவை மாற்றியது அந்தப் பதில்தான்.